டஸ்டர் 1.5 டீசல்: டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கிறது

உறையூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு டஸ்டர், 85 குதிரைத்திறன் டீசல். இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் டைமிங் பெல்ட் (எஞ்சினின் சுழல் தண்டுகளை ஒரே தாளத்தில் வைத்திருக்கும் பல் பெல்ட்), அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினேன். வண்டி ஓடுவதில் வெளிப்படையான கோளாறு ஏதும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும் எஞ்சின், இப்போது காலையில் நான்கைந்து விநாடிகள் ஸ்டார்ட்டரை ஓட்டிய பிறகுதான் உயிர் பெறுகிறது. முதல் கியரில் ஏறும்போது இழுவை சற்று மந்தமாக இருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. நேற்று எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பரிடம் காட்டியபோது பி0016 என்ற பிழைக்குறியீடு வந்தது.

பட்டறையில் கேட்டதற்கு, “புதுப் பெல்ட் அல்லவா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும்” என்கிறார்கள். பெல்ட் செட் ஆவது என்று ஒன்று உண்டா? வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பழைய பெல்ட்டிலும் பற்சக்கரங்களிலும் ஒயிட்னரால் கோடு போட்டு, அந்தக் கோடுகளைப் புதுப் பெல்ட்டில் பல் எண்ணி மாற்றிப் போட்டார்கள். கூடவே, எஞ்சினின் உடலான பிளாக்கில், நிலை பார்ப்பதற்கான ஒரு ஊசியையும் திருகினார்கள்.

டார்க்ரென்ச்

உறையூர் நண்பரே, முதலில் ஒரு வேண்டுகோள்: பார்த்து முடிக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் சரியாகும் என்பது பிரேக் பேடுக்குப் பொருந்தலாம், டைமிங் பெல்ட்டுக்குப் பொருந்தாது. அதன் உள்ளே இருப்பது கண்ணாடியிழைக் கயிறு. அது நீண்டு தன் நிலையைத் தானே திருத்திக்கொள்ளும் பொருள் அன்று. பி0016 என்பது கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் தண்டு) சென்சார் சொல்வதும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்சார் சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதற்கான குறியீடு. சென்சாரோ அதன் வயரோ கெட்டிருந்தாலும் அது வரும். ஆனால் பெல்ட் மாற்றிய மறுவாரமே வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது பெல்ட்டைத்தான்.

உங்கள் வண்டியில் இருப்பது ரெனோவின் கே9கே எஞ்சின். 1461 சி.சி., நான்கு சிலிண்டர், ஒரே கேம்ஷாஃப்ட், எட்டு வால்வுகள். 2001 முதல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடும் எஞ்சின் இது. நம் ஊரில் லோகன், வெரிட்டோ, சன்னி, டெரானோ என்று பல பெயர்களில் வந்ததும் இதே எஞ்சின்தான். இதன் பெல்ட்டில் 123 பற்கள் உண்டு. கிராங்கிலிருந்து புறப்படும் அந்தப் பெல்ட் கேமையும், டீசலுக்கு உயர் அழுத்தம் கொடுக்கும் பம்ப்பையும், வாட்டர் பம்ப்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது.

ஒரு பல் தள்ளிப் போனால் என்ன ஆகிவிடும் என்று பலர் கேட்பார்கள். கிராங்க் பற்சக்கரத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லின் பிழை கிராங்கில் 18 டிகிரி ஆகிறது. டீசலில் அழுத்த விகிதம் 15க்கு மேல் இருப்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும் மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சுவது மிகச் சிறிய இடம். அந்த இடத்தை வால்வும் பிஸ்டனும் மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு பல் பிழையில் பெரும்பாலும் இரண்டும் மோதிக்கொள்வதில்லை என்றாலும், அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி நான் என் வண்டியை ஓட்டமாட்டேன்.

பழையபட்டறை

தம்பி டார்க்ரென்ச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒயிட்னரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை. நான் முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இண்டிகா டீசல் வந்த காலத்தில் எங்களிடம் ஊசியும் இல்லை, மேனுவலும் இல்லை. பற்சக்கரத்தில் கம்பெனி குத்திய புள்ளி, அதற்கு நேரே உறையில் உள்ள கோடு, இவற்றோடு ஒயிட்னர். இவ்வளவை வைத்துக்கொண்டு எத்தனையோ பெல்ட் மாற்றியிருக்கிறேன், ஒரு வால்வும் வளைந்ததில்லை. கோடு போட்டு மாற்றுவது தவறான முறை என்று எழுதினால் பாதிப் பட்டறைகளை மூட வேண்டியிருக்கும்.

டார்க்ரென்ச்

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. இண்டிகாவில் அந்த முறை சரியாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு: அந்த எஞ்சினில் அந்தப் புள்ளிகளை வைத்ததே அவற்றைப் பார்த்துப் பெல்ட் போடுவதற்காகத்தான். ஒயிட்னர் அதற்கு நினைவூட்டல் மட்டுமே. கே9கே எஞ்சினிலோ, கிராங்கும் கேமும் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊசிகளே சொல்கின்றன. நாம் போடும் கோடு என்ன சொல்கிறது? பழைய பெல்ட் எப்படி இருந்ததோ அப்படியே புதியதும் இருக்கிறது என்பதை மட்டும்தான். பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தள்ளியிருந்தால், அந்தப் பிழையையும் அது நேர்மையாகப் பிரதியெடுத்துக் கொடுத்துவிடும்.

இந்த எஞ்சினில் கேமின் பற்சக்கரத்தில் உள்ள துளை வழியாக ஹெட்டுக்குள் 8 மில்லிமீட்டர் ஊசி ஒன்று செல்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் அடைப்புத் திருகைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஊசியைத் திருக வேண்டும். பம்ப்பின் பற்சக்கரத்துக்கு ஊசி இல்லை, குறி மட்டும் உண்டு. கேமின் குறிக்கும் பம்ப்பின் குறிக்கும் இடையே பெல்ட்டில் 19 பற்பள்ளங்கள் இருக்க வேண்டும். இது காமன் ரெயில் (உயர் அழுத்த டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கிவைக்கும் முறை) எஞ்சின் என்பதால் டீசல் எப்போது தெளிக்கப்பட வேண்டும் என்பதைப் பம்ப் முடிவு செய்வதில்லை, கணினிதான் முடிவு செய்கிறது. அதனால் பம்ப்பை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பம்ப் ஒவ்வொரு முறை டீசலை அழுத்தும்போதும் பெல்ட்டில் ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்பு எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று கணக்கிட்டே அந்தக் குறியை வைத்திருக்கிறார்கள். எனவே அதையும் பார்த்துப் போடுவதே முறை.

மலைப்பாதை

இந்த விவாதத்தில் என் பழைய ஆக்டேவியா 1.9 டி.டி.ஐ. நினைவுக்கு வருகிறது. அதில் இருந்தது சுழல் வகை இன்ஜெக்‌ஷன் பம்ப். பம்ப் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் தெளிப்பு நேரமே அமையும். கேமின் பின்முனையில் ஒரு பட்டைத் தகட்டைச் செருகி, பம்ப் பற்சக்கரத்தில் ஊசியைப் போட்டு, அதன் பிறகு கேமின் பற்சக்கரத்தை அதன் கூம்பிலிருந்து தளர்த்திவிட வேண்டும். போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, பின் உறையில் உள்ள துளை வழியாக ஒரு பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ‘டக்’ என்று விடுபடும். பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கிய பிறகே பற்சக்கரத்தைக் கூம்பில் மறுபடியும் இறுக்க வேண்டும். பெல்ட்டின் நீளத்தில் உள்ள சிறு வேறுபாட்டைப் பற்சக்கரம் தானே நகர்ந்து ஏற்றுக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது.

பற்சக்கரத்தைத் தளர்த்தாமல், கோடு பார்த்து மட்டும் மாற்றியவர்களின் வண்டிகளும் ஓடத்தான் செய்தன. கணினியை இணைத்துப் பார்த்தால் மட்டுமே தெளிப்பு நேரம் முன்னும் பின்னும் விலகியிருப்பது தெரியும். குளிர்காலத்தில் ஊட்டியில் வண்டியை நிறுத்தினால் கணினி இல்லாமலேயே தெரியும்.

உறையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். எனக்கு ஒன்று புரியவில்லை. ஒயிட்னரோடு ஊசியையும் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஊசி போட்டால் கிராங்க் அசையாது என்றால், பிழை எப்படி வரும்? பெல்ட்டைக் கழற்றாமலே இதைச் சோதிக்க வழி உண்டா? எனக்கு ஓரளவு கைவேலை பழக்கம் உண்டு. வாட்டர் பம்ப்பெல்லாம் மாற்றியதில்லை என்றாலும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் நானே பார்த்துக்கொள்வேன்.

டார்க்ரென்ச்

நீங்கள் கேட்ட கேள்விதான் இந்த இழையின் உயிர். ஊசி போட்டால் கிராங்க் அசையாது என்று நினைப்பதில்தான் இந்த எஞ்சினில் பலர் ஏமாறுகிறார்கள். கேமில் போடும் ஊசி பூட்டு. துளைக்குள் போய்விட்டால் கேம் இரு பக்கமும் அசையாது. ஆனால் பிளாக்கில் திருகும் ஊசி பூட்டு அன்று, தடுப்பு. வாசலில் ஒரு கல்லைப் போட்டால் கதவு வந்து அதில் முட்டி நிற்குமே, அதைப் போன்றது. கதவு முட்டாமல் பாதியில் நின்றாலும் கல் கல்லாகவேதான் கிடக்கும். அதேபோல் கிராங்க் டி.டி.சி.க்கு, அதாவது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, பத்து டிகிரி முன்னதாக நின்றாலும் ஊசி கடைசி மரைவரை சுகமாக இறங்கிவிடும். ஊசியைத் திருகிய பிறகு கிராங்கை வலஞ்சுழியாக மெல்லத் திருப்பி, அதன் கன்னம் (தண்டின் பக்கப் புடைப்பு) ஊசியில் வந்து முட்டுவதைக் கையால் உணர வேண்டும். ‘ணங்’ என்று அடிக்கும்படி திருப்பக்கூடாது, மெல்ல வந்து சாய வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் அது விலகிப் போகும். பெல்ட் கழன்ற நிலையில் யாராவது தெரியாமல் ஸ்பேனரில் கை வைத்தாலே விலகிவிடும்.

பெல்ட்டைக் கழற்றாமல் சோதிக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வலது முன்சக்கரத்தையும் சக்கரக்குடையின் உள்பிளாஸ்டிக்கையும் கழற்றுங்கள். வண்டி ஸ்டாண்டின் மீது நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, இன்னொரு ஜாக்கியால் எஞ்சினின் எடையைத் தாங்கிக்கொண்டு, வலப்பக்க மவுன்ட்டைக் கழற்றினால் மேல் உறையை எடுக்க இடம் கிடைக்கும். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ரேச்சட் போட்டு வலஞ்சுழியாக மட்டும் திருப்புங்கள். கேமின் துளை ஹெட்டின் துளைக்கு அருகே வரும்போது நிறுத்தி, ஊசியைப் பிளாக்கில் திருகி, மேலும் மெல்லத் திருப்பி முட்டவிடுங்கள். கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றிவிடும் என்பதால், கேமின் துளை எதிர்ப்பக்கம் நிற்கும்போதும் கிராங்க் அதே இடத்துக்கு வந்திருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஊசியை எடுத்துவிட்டு இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள்.

கிராங்க் முட்டிய நிலையில் 8 மில்லிமீட்டர் ஊசி கேமின் துளை வழியாகத் தடையின்றிப் போக வேண்டும். தட்டியோ நெம்பியோ செலுத்த வேண்டியிருந்தால் அது போகவில்லை என்றே பொருள். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இன்னொன்று: ரெனோவில் முதல் சிலிண்டர் என்பது கியர்பாக்ஸ் பக்கம் உள்ளது, பெல்ட் பக்கம் அன்று. மற்ற வண்டிகளில் பழகியவர்கள் இதில் குழம்புவார்கள்.

சாலைப்பறவை

இடையில் ஒரு சிறு கேள்வி. எங்கள் டிராவல்ஸ் இன்னோவா 2.5 டீசலில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கே எரிகிறது. ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள், இவ்வளவு சிக்கல் இல்லையே?

பழையபட்டறை

அந்த எஞ்சினில் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டியதே இல்லை. கிராங்கிலிருந்து கீழே கியர்கள் ஓடுகின்றன, கேமுக்கு மட்டும்தான் மேலே குட்டையான பெல்ட். ஆயில் டென்ஷனரை வைஸில் வைத்து மெல்ல அமுக்கி, துளையில் ஓர் எல் கீயைச் செருகிவிட்டு மாட்டினால் முடிந்தது. ஆனால் அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, கிலோமீட்டரைப் பார்த்துத்தான் எரிகிறது. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கப்பட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் உறையைத் திறந்து பெல்ட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உறையூர்க்காரன்

மூன்று நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஊசிகளைக் கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தேன்.

கிராங்க் முட்டியது. அந்த முட்டலைக் கையில் உணர்வதற்காகவே மூன்று முறை பின்வாங்கித் திரும்பவும் செய்து பார்த்தேன். (பின்வாங்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு இரண்டு முழுச் சுற்று சுற்றித் தொடக்கத்திலிருந்து பார்த்தேன்.) கேமின் ஊசி போகவில்லை. கைவிளக்கை வைத்துப் பார்த்தால், பற்சக்கரத் துளையின் வழியே ஹெட்டின் துளை முழு வட்டமாகத் தெரியாமல் மூன்றாம் பிறை போல ஓரத்தில் மட்டும் தெரிந்தது. ஒரு பல் அளவு தள்ளியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒயிட்னர் கோடுகளோ, பல் எண்ணிப் பார்த்தால், துல்லியமாக ஒத்துப்போகின்றன! அதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் படத்தை அனுப்பினேன். அவர் சண்டை போடவில்லை. ஊசியைத் திருகியதோடு சரி, முட்டவிட்டதாக நினைவில்லை என்று ஒப்புக்கொண்டார். கோடுகளைப் போட்டதும் ஊசியைத் திருகிய பிறகு, கிராங்க் அந்த அரைகுறை நிலையில் நிற்கும்போதுதானாம். கேமுக்கு ஊசி போடும்போது பெல்ட் கழன்றிருந்ததால் கேமைச் சற்றுத் திருப்பித் துளைக்கு நேராக்கிக்கொண்டிருக்கிறார். அப்போது ஒரு பல் விலகியது, புதுப் பெல்ட்டிலும் பற்சக்கரத்திலும் கோடுகளை அதற்கேற்ப மறுபடி போட்டுவிட்டார். கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் நேராகச் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள்.

பழையபட்டறை

ஒயிட்னர் கட்சி தோற்றது என்று எழுதிவிடாதீர்கள், கோடு போட்ட நேரம்தான் தவறு. ஆனாலும் நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊசி போடும் எஞ்சினில் கோட்டைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், நீதிபதியாக வைக்கக்கூடாது. தம்பி டார்க்ரென்ச் அந்த அளவில் ஜெயித்தார்.

மறுபடி பிரிக்கும்போது மூன்று விஷயங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் புல்லியைக் கழற்றினால் அந்த போல்ட்டைப் புதிதாகவே வாங்க வேண்டும். அது முதலில் டார்க் ரென்ச்சால் இறுக்கி, பிறகு கோணம் அளந்து மேலும் திருப்ப வேண்டிய போல்ட். கிராங்கின் முனை, பற்சக்கரத்தின் உள்துளை, புல்லியின் முகம் ஆகியவற்றில் ஒரு துளி ஆயில்கூட இருக்கக்கூடாது. துணியால் துடைத்தால் போதாது, கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். அந்தப் பற்சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருப்பதே போல்ட்டின் அழுத்தம்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு இறுக்கினால் என்றாவது ஒருநாள் வழுக்கும். வழுக்கினால் எட்டு வால்வும் போகும். அந்த போல்ட்டைக் கழற்றும்போது கேம் ஊசியையோ கிராங்க் ஊசியையோ தாங்கலாக வைத்து நெம்புகிறவர்களும் உண்டு. ஊசி ஒடியும், அல்லது துளை நசுங்கும். ஃப்ளைவீலைப் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது.

இரண்டாவது, வெளியே ஆல்டர்நேட்டரை ஓட்டும் பெல்ட். இந்த எஞ்சினில் அது நார் நாராகப் பிரிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து, டைமிங் பெல்ட்டைப் பல் தாண்டவைத்த கதைகள் உண்டு. செலவைப் பார்த்து அதைப் பழையதாகவே விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, கேம் சீல், கிராங்க் சீல் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குடித்த பெல்ட் ஊதிப்போகும்.

டார்க்ரென்ச்

ஐயா சொன்னதோடு டென்ஷனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 6 மில்லிமீட்டர் எல் கீயால் திருப்பும் இடம் ஒன்று உண்டு. திருப்பும்போது ஒரு சிறு முள் நகரும். முதலில் இறுக்கி, ஊசிகளை எடுத்துவிட்டு, கிராங்கை வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, நட்டை மெல்லத் தளர்த்தி, முள்ளை டென்ஷனரில் உள்ள சாளரத்தின் நடுவே கொண்டுவந்து மறுபடி இறுக்க வேண்டும். எல் கீயைக் கையில் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள், இல்லையேல் நட்டோடு சேர்ந்து முள்ளும் நகர்ந்துவிடும். இது குளிர்ந்த எஞ்சினில் மட்டும் செய்ய வேண்டிய வேலை. கழற்றிய பெல்ட் ஒரு வாரம்தான் ஓடியது என்பதற்காக அதையே திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள். பிளாக்கின் அடைப்புத் திருகைத் திரும்பப் போடும்போது மரையில் சீலன்ட் தடவ மறக்க வேண்டாம், இல்லையென்றால் அடுத்த வாரம் ஆயில் கசிகிறது என்று இன்னோர் இழை தொடங்க வேண்டியிருக்கும்.

உறையூர்க்காரன்

வேலை முடிந்தது. பட்டறைக்காரர் கூலி வாங்கவில்லை, புதுப் பெல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டும் நான் கொடுத்தேன். பெல்ட் போட்டு முடிந்ததும் சாவியைக் கேட்டார்கள். இரண்டு சுற்று கையால் சுற்றிக் காட்டுங்கள் என்றேன். சுற்றினார்கள். கிராங்க் முட்டியது, கேம் ஊசி இரண்டு விரலால் பிடித்துத் தள்ளியதும் உள்ளே போனது. பையன் ஒருவன் அதை எடுத்து இன்னொரு முறை தானே போட்டுப் பார்த்தான்.

இன்று காலை வண்டி அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. குறியீட்டை அழித்த பிறகு இதுவரை 140 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, விளக்கு எரியவில்லை. சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து பார்த்தார்கள். நான்கிலும் பெரிய வேறுபாடு இல்லை.